நாற்பது மில்லி ஆம்பியர்

சாரெமா தீவில் ஏப்ரல் வந்தது என்றால்
பனி போயிற்று என்று பொருளல்ல.
கொட்டகை வாசலில் இன்னும் ஒரு குவியல்,
அழுக்குச் சாம்பல் நிறத்தில்.
உறையை உருவினேன். சாவி. பொத்தான்.
டிக்.
டிக்டிக்டிக்.
பல்லி சொன்னாலாவது பலன் பார்க்கலாம்.

மீட்டர் ஒன்பது புள்ளி எட்டு என்றது.
செத்ததைச் செத்ததென்று சொல்ல
அதற்கு மேல் ஒரு மருத்துவர் வேண்டாம்.
கொன்றது உர்மாஸ்தான் என்று
அங்கேயே தீர்ப்பெழுதினேன்.
அக்டோபரில் இரவல் வாங்கிப் போனவன்,
திருப்பித் தந்தபோது
சாவியைப் பார்க்கிங் விளக்கில் விட்டிருப்பான்.
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
இல்லை என்றான். பிறகு
இருக்கலாம் என்றான். பிறகு
பாதிக் காசு தருகிறேன் என்றான்.

நான் குய்வஸ்து துறையில்
படகுக்குள் வண்டிகளை அடுக்குபவள்.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
ஒரு உள்ளங்கை இடம் போதும் எனக்கு.
அந்தத் திமிரில்
நீளம் அகலம் உயரம் மூன்றும் அளந்து
பேட்டரி வாங்கி வந்தேன்.
பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.
ப்ளஸ் மட்டும் இடப்பக்கம்.
சிவப்பு ஒயரை இழுத்தேன், இழுத்தேன்,
மூன்று விரல் தூரத்தில்
நின்றுவிட்டது அது,
கோபித்துக்கொண்ட விருந்தாளி மாதிரி.

கடையில் மெர்லே சிரிக்கவில்லை.
பழையதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்றாள்,
அதன் முகத்தைப் பார்த்தே எடுத்துத் தந்திருப்பேன்.
லித்தியம் காட்டினாள். ஒரு விரலில் தொங்கியது.
ஆனால் குளிர்நாளில்
முகப்பு விளக்கைச் சற்றுநேரம் எரியவிட்டு
அதை எழுப்பி, காத்திருந்து,
அப்புறம்தான் ஸ்டார்ட்டர்.
அப்படி எழுப்ப வேண்டியவன் ஒருவன்
ஏற்கெனவே என் வீட்டில் தூங்குகிறான், வேண்டாம் என்றேன்.
அமிலம் ஊற்றி நீர்மட்டம் பார்க்கும் ரகம் மலிவு.
நான் பார்க்க மாட்டேன் என்று எனக்கே தெரியும்.
கடைசியில் மூடி திறக்காத கண்ணாடிநார் ரகம்,
எழுபத்து நான்கு யூரோ.
மாட்டுவதற்கு முன் ஓர் இரவு முழுக்க ஏற்று, என்றாள்,
புதிது என்று நம்பாதே.
கழற்றும்போது கறுப்பு முதலில்,
மாட்டும்போது கறுப்பு கடைசியில்.

எல்லாம் செய்தேன்.
முனைகளில் வாசலின்கூடத் தடவினேன்.
மே மாதம் முதல் ஞாயிறு,
உறுமல்,
கடற்காக்கைகள் கூரைவிட்டுப் பறந்தன.

பத்து நாள் தொடர்ந்து இரவுப் பணி.
பதினோராம் நாள்
டிக்.

இந்தமுறை உர்மாஸ் பக்கத்திலேயே வரவில்லை.
கறுப்பு ஒயரைக் கழற்றி
அதற்கும் முனைக்கும் நடுவே மீட்டரை வைத்தேன்.
சாவி என் பையில்.
வண்டி தூங்குகிறது.
நாற்பது.
தூக்கத்தில் குடிக்கும் நாற்பது மில்லி ஆம்பியர்,
ஒரு நாளைக்கு ஓர் ஆம்பியர்-மணி,
பன்னிரண்டுதான் மொத்தக் கொள்ளளவு.
ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
கடிகாரம் இல்லை. அலாரம் இல்லை.
கைப்பிடிச் சூடேற்றியின் இணைப்பை உருவியதும்
எண் சரிந்து
இரண்டில் நின்றது.

போன செப்டம்பரில் நானே மாட்டியது.
சாவி வழியாக ஒயர் இழுக்கச் சோம்பல்,
நேரே பேட்டரியில் கட்டினேன்.
ஹேண்டில்பாருக்கு அடியில்
நெல்மணி அளவு ஒரு பச்சை விளக்கு
குளிர்காலம் முழுக்க எரிந்திருக்கிறது,
உறைக்குள், யாருக்கும் காட்டாமல்.
அழகாக இருக்கிறது என்று
ஒருமுறை நினைத்ததும் உண்டு.

முப்பத்தேழு யூரோவை உறையில் போட்டு
வேலியோரம் போனேன்.
சொல்ல வேண்டியதை வரிசையாக
அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் கிளம்பவில்லை.
உர்மாஸ் எண்ணிப் பார்த்தான்,
என் முகத்தைப் பார்த்தான்,
கொட்டகையைப் பார்த்தான்.
நெடுநேரம் கழித்துக் கேட்டான்:
கையாவது சூடாக இருந்ததா?

இல்லை என்றேன்.
அந்தச் சூடேற்றியை
நான் இன்னும் ஒரு தடவைகூடப் போட்டதில்லை.